வார்டில் முதல் வருஷம்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டுக்குள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பாக நுழைகிறவர்கள், இரண்டு செவிலியர் படுக்கை படுக்கையாக நின்று நின்று நகர்ந்து வருவதைக் காண்பார்கள். ஒருவர் இரவு முழுவதும் கண் விழித்தவர். மற்றவர் பகல் டியூட்டிக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தவர். 'ஓவர் கொடுப்பது' என்று அவர்கள் வழக்கில் சொல்லப்படும் இந்தக் காரியம் பார்வைக்கு வெறும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆனால், "மூணாம் பெட் தாத்தாவுக்கு ஆறரைக்கே இன்சுலின் போட்டாச்சு சிஸ்டர், வீட்டிலேருந்து டிபன் இன்னும் வரல" என்கிற ஒரு வாக்கியம் அதில் விடுபட்டுப் போகுமானால், எட்டு எட்டரை மணிக்கு அந்தப் பெரியவர் வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, நினைவு தப்பிக் கிடப்பார். மருந்து சரியானது, அளவும் சரியானது, எழுதியபடியே போடப்பட்டது. எனினும் இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோய்விட்டது என்பதை ஒருவர் கண்டுகொள்வதற்குள் பெரும் அனர்த்தம் நேர்ந்துவிடக்கூடும்.

ஒரு நோயாளியின் படுக்கையருகே மருத்துவர் ஒரு நாளில் நிற்கும் நேரம் சில நிமிஷங்கள்தாம். இது அவர்மேல் குற்றமன்று. அவருடைய தொழிலின் அமைப்பே அத்தகையது. வியாதியை நிர்ணயித்து, கேஸ் ஷீட்டில் சிகிச்சையை எழுதிவிட்டு, அடுத்த வார்டுக்கும் புறநோயாளிகள் பிரிவுக்கும் அவர் போயாக வேண்டும். எஞ்சிய இருபத்து மூன்று மணிச் சொச்ச நேரமும் அந்தத் தேகத்தில் நிகழும் மாறுதல்களுக்கெல்லாம் சாட்சியாக இருப்பவர் செவிலியரே. ஊசி போடுவதும், மாத்திரை கொடுப்பதும், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவதும் நமக்குத் தெரிகிற வேலைகள். அவற்றுக்கெல்லாம் அடியில் இடையறாத அவதானம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் செவிலியத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில், நோயாளியைக் கூர்ந்து நோக்குவதற்கென்றே ஒரு தனி அத்தியாயத்தை ஒதுக்கியது காரணமில்லாமல் அன்று. அந்தப் பார்வை கல்லூரியில் பாதிதான் கிட்டுகிறது; மறுபாதி வேலைக்குச் சேர்ந்த முதல் ஓரிரு வருஷங்களில், வார்டிலேயே கிட்ட வேண்டும். அந்த ஆரம்ப தசையை நம்மவர்கள் எத்தனை அசிரத்தையாகக் கையாளுகிறார்கள் என்பதைச் சற்று விரித்துச் சொல்லுவது அவசியம் என்று தோன்றுகிறது.

சென்னை ராஜதானியில் செவிலியர் பயிற்சி நேற்று முளைத்த விஷயமன்று. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே அது தொடங்கிவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியை நிறுவினார். 1926-இல் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்வதற்குச் சென்னையில் சட்டம் வந்தது. 1946-இல் வேலூரில் பட்டப் படிப்பே ஏற்பட்டது. ஆயினும் சட்டம் வேகமாக நடக்கும், ஜனங்களின் அபிப்பிராயம் நொண்டிக்கொண்டுதான் பின்னே வரும். அந்நிய ஆடவரின் உடம்பைத் தொடவேண்டியிருப்பது, இராப்பொழுதை வீட்டுக்கு வெளியே கழிப்பது, மல ஜலம் எடுப்பது ஆகிய மூன்று ஆட்சேபங்களால், நெடுங்காலம் பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களே இத்தொழிலுக்கு வந்தார்கள். இன்று அந்த நிலை இல்லை. விவசாயக் கூலி வேலை செய்கிறவர் வீட்டிலிருந்தும், நெசவாளர் வீட்டிலிருந்தும், கடன் வாங்கியாவது பெண்ணை நர்ஸிங் படிக்கவைக்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் கணிசமாக வருகிறார்கள். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டே, "நைட் டியூட்டி உண்டோ?" என்று விசாரிப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

பட்டப் படிப்பு நான்கு வருஷம். டிப்ளமா மூன்று வருஷம். ஆரம்பத்தில் வெள்ளைச் சீருடையோடு மெழுகுவர்த்தியோ விளக்கோ ஏந்தி, நைட்டிங்கேல் பெயரால் வழங்கும் உறுதிமொழியை எடுத்துக்கொள்கிறார்கள். (அந்த உறுதிமொழியை எழுதியவர் அந்த அம்மையார் அல்லர், 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரின் தலைமையில் அமைந்த ஒரு குழு எழுதி, நைட்டிங்கேலின் பெயரை அதற்குச் சூட்டியது.) பிறகு பொம்மையின் கையில் ஊசி குத்தவும், பொம்மையின் வாயில் குழாய் செலுத்தவும் பழகுகிறார்கள். பொம்மை அலறாது, கையை இழுத்துக்கொள்ளாது, அதன் மகன் பக்கத்தில் நின்று முறைக்கவும் மாட்டான். மாணவியாக வார்டில் வேலை செய்த நாட்களிலும் பின்னால் ஒரு டியூட்டர் நின்றிருந்தார். உத்தியோகம் என்று வந்து, சட்டைப் பையில் பெயர்ப் பலகை குத்திக்கொண்ட அன்றைக்குத்தான், திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை என்பது தெரியவருகிறது.

அப்படி வந்தவருக்கு முதல் பரீட்சை பெரும்பாலும் ஒரு நரம்பு. பேச்சு வழக்கில் நாம் நரம்பு என்று சொல்லுகிற இரத்த நாளத்தில், 'வென்ஃப்ளான்' என்று வார்டில் வழங்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்த வேண்டும். இளம் சிவப்பு மூடியுள்ளது 20-ஆம் நம்பர், நீலம் அதைவிடச் சன்னமான 22. குழந்தைகளுக்கு மஞ்சள் நிறத்து 24. புஜத்தில் பட்டையை இறுக்கி, கையை மூடித் திறக்கச் சொல்லி, விரல் நுனியால் தடவிப் பார்த்தால் வாலிபர்களுக்குக் கயிறுபோல் எழும்பும் நாளம், எழுபது வயதுப் பாட்டிக்குக் கண்ணுக்குத் தெரிந்தும் ஊசி படும் தருணத்தில் பக்கவாட்டில் நழுவி ஓடிவிடும். கீழ்ப்புறத் தோலை இடது கைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியைச் சாய்வாகச் செலுத்தி, அதன் பின்புறத்து அறையில் ஒரு சொட்டு இரத்தம் தலை காட்டியதும் அதற்குமேல் இரும்பைத் தள்ளாமல் பிளாஸ்டிக்கை மாத்திரம் உள்ளே நகர்த்துவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. இரண்டு தடவை தவறியபின் மூன்றாம் தடவை தானே முயலாமல் மூத்தவரைக் கூப்பிட வேண்டும் என்பது நல்ல வார்டுகளின் வழக்கம். கூப்பிடுவதற்கு மூத்தவர் ஒருவர் இருந்தால்தானே?

நாளம் கிடைத்துவிட்டால் அடுத்தது கணக்கு. 500 மில்லி லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. குழாயோ மில்லி லிட்டருக்கு இருபது துளி விடுகிறது. ஆகவே நிமிஷத்துக்கு இருபத்தோரு துளி. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கால் நிமிஷத்துக்கு ஐந்து துளி விழும்படி உருளையைச் சரிசெய்துவிட்டு அவர் அடுத்த படுக்கைக்கு நகர்ந்த பின், "இது எப்போ முடியறது, சாயந்தரம் பஸ்ஸைப் பிடிக்க வேணாமா?" என்று நோயாளியின் மருமகன் அந்த உருளையைத் தன் கையாலேயே தளர்த்திவிடுகிறார். இருதயம் பலவீனப்பட்ட ஒருவருக்கு அந்தத் திரவம் ஒரு மணி நேரத்தில் உள்ளே போனால், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறிவிடும். செவிலியர் ஏன் இப்படிச் சிடுசிடுக்கிறார் என்று குறைப்படுகிற நாம், அவர் நாளொன்றுக்கு எத்தனை மருமகன்களைச் சமாளிக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அவதானம் அப்படி வருவதன்று. வார்டுகளில் நோயாளியின் உஷ்ணம், நாடித்துடிப்பு, சுவாசம் மூன்றையும் குறித்துவைக்கும் அட்டையைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், சுவாசம் என்ற கட்டத்தைக் கவனியுங்கள். பல அட்டைகளில் எல்லா நோயாளிகளுக்கும், எல்லா வேளைகளிலும் இருபது என்றே எழுதியிருக்கும். உஷ்ணத்துக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, நாடிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. சுவாசத்தை மாத்திரம் ஒரு மனிதர் ஒரு நிமிஷம் முழுதாக நின்று எண்ண வேண்டும். நாற்பது நோயாளிகளுக்கு நாற்பது நிமிஷம்; அந்த நாற்பது நிமிஷம் கையில் இல்லாதவர் இருபது என்று எழுதிவிட்டுப் போகிறார். ஆனால் தொற்று இரத்தத்தில் பரவத் தொடங்கும்போது பல சமயம் முதலில் மாறுவது சுவாசந்தான். காய்ச்சல் ஏறுமுன், இரத்த அழுத்தம் வீழுமுன், பதினெட்டு இருபத்தாறாகிறது. அதையும் நோயாளி அறியாமல் எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். ஆகையால், நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டே, கண்ணை மார்பின்மேல் வைத்து எண்ணுவது என்ற யுக்தியைக் கற்ற செவிலியர், புதிதாக வந்தவருக்கு அதைச் செய்தே காட்டுவார். பக்கத்தில் நின்று பார்த்தாலன்றி அது கைவராது.

பார்த்தது மாத்திரம் போதாது; பார்த்ததைச் சொல்லும் தைரியமும் வேண்டும். இரவு இரண்டு மணிக்கு, பதினான்காம் படுக்கையிலிருப்பவர் ஏதோ சரியாயில்லை என்று ஒரு புதிய செவிலியருக்குத் தோன்றுகிறது. அட்டையில் எண்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் மாலையில் காப்பி கேட்டவர் இப்போது போர்வையைப் பிய்த்துக்கொண்டு, மனைவியின் பெயரை மாற்றிக் கூப்பிடுகிறார். ஹவுஸ் சர்ஜனோ முப்பது மணி நேரமாகத் தூங்காதவர். போன வாரம் கூப்பிட்டபோது, "இதுக்கெல்லாமா எழுப்புவீங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டார். கூப்பிடலாமா, விடியட்டும் என்று விடலாமா? இந்த ஊசலாட்டத்தில்தான் எத்தனையோ இரவுகள் கழிகின்றன. அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி சொல்லித் தருவார்கள்: 'பயமா இருக்கு சார்' என்று தொடங்காதே, பெயர், படுக்கை நம்பர், எதற்காகச் சேர்ந்தவர், சாயந்தரம் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார், மூச்சு எத்தனை, அழுத்தம் எத்தனை, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று அடுக்கிச் சொல், சொன்ன நேரத்தை எழுதியும் வை. வந்து பார்த்த மருத்துவர் பத்தில் சில தடவை ஒன்றுமில்லை என்று திரும்பிப் போகலாம். மீதித் தடவைகளுக்காக அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வார்டில் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லாரும் வெள்ளைச் சீருடைக்காரர்கள் அல்லர். இருபது வருஷம் அதே வார்டில் கூட்டியும் துடைத்தும், படுக்கைப் பாத்திரம் எடுத்தும் பழகிய ஆயாம்மாவுக்கு, எந்த நோயாளி இன்றிரவைத் தாண்டமாட்டார் என்பது சிலவேளை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. புதிய செவிலியர் முதல் மரணத்தைக் காணும்போது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவரும் அவரே. மூக்கிலும் கையிலும் உள்ள குழாய்களை எடுத்து, கண்களை மூடி, தாடையைக் கட்டி, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, உறவினர் பார்க்கத் தக்கதாக அந்த உடலைத் துடைத்து ஒழுங்கு செய்வதும் செவிலியத்தின் பணியே. கை நடுங்க நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம், "நீ தலைப் பக்கம் பிடி பாப்பா, நான் கால் பக்கம் பார்த்துக்கறேன். அழறதுன்னா அப்புறமா டூட்டி ரூம்ல போயி அழு, இப்ப அவங்க பொண்ணு வெளியில நிக்குது" என்று சொல்லக்கூடிய ஆசிரியர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் அந்தப் படுக்கைக்கு வேறு ஒருவர் ஸ்டிரெச்சரில் வந்துவிடுவார். அமரர் ஊர்திக்குச் சொல்லிவிட்டு, புதியவருக்கு அட்டை எழுதத் தொடங்க வேண்டும்.

எவர் கண்ணிலும் படாமல் போகும் வேலைக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்ல வேண்டுமானால், படுக்கைப் புண்ணைச் சொல்லலாம். அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்து, முதுகையும் இடுப்பெலும்பையும் குதிகாலையும் பார்த்து, ஈரமில்லாமல் துடைத்து வந்தால் புண் வராது. வராத புண்ணுக்காக எவரும் எவரையும் பாராட்டுவதில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973-இல் அங்கேயே வேலை செய்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை சிதைந்து, 2015-இல் காலமாகும்வரை நாற்பத்திரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார். அவரைப் பராமரித்தவர்கள் அம்மருத்துவமனையின் செவிலியர்களே. ஒரு தலைமுறை ஓய்வுபெற, மறு தலைமுறை அந்தப் பொறுப்பை ஏற்றது. கருணைக்கொலை வழக்கில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தனை காலமும் அவருக்கு ஒரு படுக்கைப் புண்கூட வராமல் காத்ததை வியந்து குறிப்பிட்டது. அந்த வியப்புக்குப் பின்னால் இருந்தது இரண்டு மணிக்கொரு தரம் இரண்டு பேருடைய கைகள். ஒரு செவிலியர் தம் வேலையிடத்திலேயே எத்தகைய அபாயத்துக்கு உள்ளாகக்கூடும் என்பதும் அதே சரித்திரத்தில் இருக்கிறது.

நகரத்து வார்டில் கூப்பிட்ட குரலுக்கு ஒருவராவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் போஸ்டிங் பெற்றவரின் இரவு வேறு மாதிரியானது. இருபத்து நான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் பொருட்டு, நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு முன்னதாகவே கொண்டுவந்தது. இம்மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்று 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுகிறதே, அந்தப் பெருமையில் இந்தச் செவிலியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்று பேரை மூன்று ஷிப்டுக்குப் பங்கிட்டால் இரவுக்கு ஒருவர். குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் பத்து யூனிட். நஞ்சு முழுதாக வந்ததா என்று புரட்டிப் பார்ப்பது. அடிவயிற்றில் கையை வைத்து, கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகிறதா என்று உணர்வது. கெட்டியாகாமல் இரத்தம் பெருகினால், ஒரு கையால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே மறு கையால் 108-ஐக் கூப்பிட வேண்டும். வெளியில் மாமியார், "என்ன குழந்தைம்மா?" என்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், விடுப்புக்கென்று அதற்குமேல் கூடுதல் ஆட்கள் என்பது காகிதத்தில் உள்ள நியதி. இரவு நேரத்தில் நாற்பது படுக்கைக்கும், தரையில் பாய் விரித்திருப்போருக்கும் சேர்த்து ஒருவரோ இருவரோ நிற்பதை, உறவினருக்குத் துணையாகப் படுத்த எவரும் பார்த்திருக்கலாம். போதாக்குறைக்கு மருந்து இண்டென்ட், ஸ்டாக் ரிஜிஸ்டர், காப்பீட்டுத் திட்டத்துக்கான விவரம், கணினியில் பதிவு என்று எழுத்து வேலை வேறு. இந்த நெரிசலில்தான் பயன்படுத்திய ஊசியை மூடப்போய் விரலில் குத்திக்கொள்வது, உருவத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஆம்ப்யூல்களில் தவறானதை எடுப்பது எல்லாம் நேர்கின்றன. ஊசிக்கு உதவும் சுத்த நீரும், நேராக நாளத்தில் ஏற்றினால் இருதயத்தை நிறுத்திவிடக்கூடிய பொட்டாசியம் குளோரைடும் அலமாரியில் அருகருகே இருந்துவிடுவது உண்டு. தவறு நேர்ந்தபின் விசாரணை செவிலியர்மேல் நடக்கிறது. அன்றிரவு வார்டில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்ற கேள்வி கோப்பில் இடம்பெறுவதில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பூர்த்தியாகாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்த முறையில் எடுத்தபோது, அவர்களுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பியிருந்தவர்கள், அது நடவாமல் போகவே 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். ஊதியம் பிற்பாடு உயர்ந்தது, நிரந்தரம் சிறுகச் சிறுகவே வந்தது. கொரோனா தொற்றின்போது அவசரமாக நியமிக்கப்பட்டு, கைதட்டலும் மலர்த் தூவலும் பெற்றவர்களில் ஏறத்தாழ 2,400 பேருக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை முடிந்தது. தனியார் துறையில் நிலைமை இன்னும் விசித்திரம். உச்ச நீதிமன்றத்தின் 2016-ஆம் வருஷத்து ஆணையின்மேல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பதுக்கும் குறைந்த படுக்கைகளுள்ள மருத்துவமனையிலுங்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரையை நடைமுறையாக்குவது மாநிலங்களின் பொறுப்பாயிற்று. சிறு நகரங்களில் அதில் பாதிக்கே வேலை செய்கிறவர்கள் இன்றும் உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, 'பாண்டு' முடியாமல் தரமாட்டோம் என்கிற நிர்வாகங்களையும் இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள்.

ஆகவே அவர்கள் புறப்பட்டுப் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் புரோமெட்ரிக், பிரிட்டனுக்கு ஓ.இ.டி., அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் என்று நைட் டியூட்டியின் அயர்ச்சியோடு பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஏஜெண்டுகள் முதலில் கேட்பது இரண்டு வருஷ வார்டு அனுபவம். அதாவது, சுவாசத்தை எண்ணவும், இரவு இரண்டு மணிக்கு மருத்துவரைத் தயங்காமல் எழுப்பவும் ஒருவர் நம் நோயாளிகளிடம் கற்று முடித்த காலம். அந்த வயதில் அவர் விமானம் ஏற, அவர் விட்ட இடத்துக்கு அவ்வருஷம் தேறிய ஒருவர் வருகிறார். அவருக்குக் கற்றுக்கொடுக்க இருப்பவர் அதற்கு முந்திய வருஷம் தேறியவர். பிரிட்டனில் போய்ச் சேர்ந்தவரையோ, அத்தனை அனுபவம் இருந்தும், முதல் சில வாரங்களுக்கு வார்டின் ஆள் கணக்கில் சேர்ப்பதில்லை; மூத்த செவிலியர் ஒருவரோடு இணைத்து, கூட நின்று பார்க்கவே விடுகிறார்கள்.